முன்பாரம்

அஞ்சுகிராமம் ஜங்ஷனில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், செங்கல்லோ வைக்கோலோ ஏற்றிய டிராக்டர் பெட்டி ஒன்றாவது கடந்துபோகும். டிராக்டரையும் பெட்டியையும் சேர்த்துப் பிடிப்பது ஒற்றை இரும்பு முளை. அது எகிறாமல் இருக்கப் போட்ட கிளிப் தொலைந்து, கட்டுக்கம்பி முறுக்கிய பெட்டிகளும் ஓடத்தான் செய்கின்றன. இப்போது பொலேரோ, தார் பின்னாலும் இரும்புக் குண்டு வைத்த கொக்கி தென்படுகிறது. பலருக்கு அது அழகு. சிலர் நிஜமாகவே ஜெனரேட்டரோ தண்ணீர் டேங்கோ இழுக்க நினைக்கிறார்கள். கனடாவில் இருக்கும் மச்சான் வீட்டு வாசலிலேயே மாட்டினாராம், நமக்கு முடியாதா என்கிறார்கள்.

முடியும். ஆனால் எந்த வண்டியில் என்பதுதான் முதல் கேள்வி. பொலேரோ போன்றவற்றுக்குத் தனிச் சேசி உண்டு; கொக்கியின் சட்டத்தை அதில் போல்ட் போட்டு முடுக்கலாம். ஸ்விஃப்ட் மாதிரிக் கார்களுக்குத் தகட்டு உடம்பேதான் சேசி. டிரெய்லர் இழுக்கலாமா, எத்தனை கிலோ என்று கையேட்டில் பார்க்காமல் கைவைக்கக் கூடாது. பம்பரில் திருகி மாட்டும் வளையம், பழுதான வண்டியைக் கட்டி இழுக்க மட்டும்.

அந்த மாடலுக்கென்றே செய்த கொக்கி என்றால் சேசியில் ஏற்கெனவே உள்ள துளைகளே போதும். சைலன்சரின் ரப்பரைக் கழற்றிச் சற்றே இறக்கி, கொக்கியை ஜாக்கியில் ஏந்திப் பிடிக்க வேண்டும். மூடிய சேசிக்குள் கை நுழையாது. சுருள் கம்பியின் நுனியில் போல்டைத் திருகி உள்ளே விட்டு, துளை வழியாக வெளியே இழுப்பார்கள். ரசிக்கத்தக்க வித்தை. போல்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்க வேண்டும். முத்திரை இல்லாத ஹார்டுவேர் கடைப் போல்ட் இங்கே ஆகாது. சொன்ன முறுக்கு அளவுக்கு டார்க் ரென்ச் வைத்துத்தான் முடுக்க வேண்டும், கொஞ்சம் ஓட்டிய பிறகு மறுபடியும் ஒருமுறை. “அண்ணே, ரெண்டு பொட்டு வெல்டிங் வச்சா போதும்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சூடு பட்ட இடத்தில் சேசி இரும்பு பலம் இழக்கும். கடல் பக்கத்து ஊர் வேறு. புதிதாகத் துளையிட நேர்ந்தால், அங்கே துத்தநாகப் பிரைமர் பூசாவிட்டால் உப்புக்காற்று துரு ஏற்றிவிடும்.

இதெல்லாம் ஒரு பகல் வேலை. பாரம் ஏற்றுவதில்தான் சூட்சுமம். மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. பின்பாரம் ஏறினால் நுகம் மேலே தூக்கி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரம் ஏறினால் கழுத்து புண்ணாகும். கார்க் கொக்கிக்கும் அதே கணக்குதான். டிரெய்லரின் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் குண்டின் மேல் அமர வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம். 500 கிலோ என்றால் 50 முதல் 75 கிலோ. டிரெய்லரின் மூக்கை எடை மெஷினில் வைத்தே பார்த்துவிடலாம். மூக்கில் எடை குறைந்தால், வேகம் கூடும்போது டிரெய்லர் வாலாட்டத் தொடங்கிக் காரையும் சேர்த்து உலுக்கும். அப்போது பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். ஆடி மாதக் காற்றில், உயரமான காலிப் பெட்டியோடு முப்பந்தல் பக்கம் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை நம்பித்தானே அத்தனை காற்றாலைகளும் நிற்கின்றன.

குண்டுக்குக் கீழே இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுவதைப் பலர் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். குண்டு கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் அந்தப் பெருக்கல் குறி தாங்கும். டிரெய்லரின் பிரேக் விளக்குக்கும் இண்டிகேட்டருக்கும் காரின் ஒயரைச் சீவி முடிச்சுப் போடுவதைவிட, பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸோடு ரிலே வைப்பது நல்லது.

சட்டம் கொக்கியோடு நிற்பதில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். அதற்குத் தனிப் பதிவு வேண்டும், இழுக்கும் வண்டியின் எண்ணும் அதன் பின்னால் தெரிய வேண்டும். தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. எனவே ஸ்பேனரை எடுக்குமுன் நாகர்கோவில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்வது உத்தமம், காப்பீட்டு நிறுவனத்திடமும்தான்.

அழகுக்காக மாட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: இழுக்காத நாட்களில் குண்டைக் கழற்றி டிக்கியில் போடுங்கள். பின்னால் ஒருவர் வந்து மோதினால், நசுங்கித் தாங்க வேண்டிய பம்பரைத் தாண்டி இடி நேரே சேசிக்குப் போகிறது. கோயில் கொடை நாளில் இருட்டில் அந்த வழியாக நடக்கிறவர்களின் முழங்காலுக்கும் அது பகை.