பணம் சாராத பதக்கங்கள்

ஊதியம் எதிர்பாராத உழைப்புக்கு எவ்வாறு மதிப்பளிப்பது என்ற கேள்விக்குத் தொழில்நுட்பக் குழுமங்கள் கண்ட விடைகளுள் மிக எளியது விக்கிப்பீடியாவில் 2003ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டுவரும் ‘பார்ன்ஸ்டார்’ என்னும் பதக்கமாகும். வட அமெரிக்க உழவர்கள் களஞ்சியச் சுவர்களில் பதிக்கும் விண்மீன் வடிவ அணியிலிருந்து பெயர் பெற்ற இப்பதக்கம், ஊரார் கூடி ஒருவரது களஞ்சியத்தைக் கட்டிக்கொடுக்கும் அப்பகுதியின் பழைய வழக்கத்தையும் நினைவூட்டுகிறது. இதை வழங்க நடுவர் குழுவோ விழாவோ பணமுடிப்போ தேவையில்லை. ஒரு பயனர் மற்றொருவரின் பேச்சுப் பக்கத்தில், அதாவது அவருக்கான செய்திகளை எவரும் எழுதிவைக்கும் பக்கத்தில், இன்ன பணிக்காக என்று குறிப்பிட்டு இதை இட்டாலே போதும். தமிழ் விக்கிப்பீடியாவிலும் பதக்கம் வழங்கும் வழக்கம் உண்டு.

இத்தகைய வெறும் அடையாளத்துக்கு உண்மையில் ஆற்றல் உண்டா என்பதை மைக்கேல் ரெஸ்டிவோ, ஆர்னவுட் வான் டெ ரெய்ட் ஆகிய ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்தனர். விக்கிப்பீடியாவில் மிகுதியாகப் பங்களிக்கும் 1 விழுக்காட்டினருள் 200 பேரைத் தேர்ந்து, அவர்களில் குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மட்டும் பதக்கம் அளித்தபோது, அடுத்த 90 நாட்களில் அவர்களது பங்களிப்பு மற்றவர்களுடையதைவிட ஏறத்தாழ 60 விழுக்காடு மிகுந்திருந்தது. ஆயினும் இதனினும் முக்கியமானது, ஜெர்மன் விக்கிப்பீடியாவின் புதிய பங்களிப்பாளர்கள் ஏறத்தாழ 4,000 பேரைக் கொண்டு யானா காலுஸ் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு என்றே கொள்ள வேண்டும்; ஏனெனில் எந்தக் குழுமமும் ஆட்களை இழப்பது பெரும்பாலும் தொடக்க நிலையில்தான். பணமதிப்பற்ற விருதொன்றைப் பெற்ற புதியவர்கள் அடுத்த மாதமும் தொடர்ந்து பங்களிக்கும் விகிதம், பெறாதவர்களைவிட 20 விழுக்காடு உயர்ந்ததோடு, அவ்விளைவு ஓராண்டு வரை நீடித்தது.

விருதுக்கு இத்தகைய ஆற்றல் இருப்பதாலேயே அதை எதற்கு அளிக்கிறோம் என்பதும் முக்கியம். அதன் அளவுகோலாகத் தொகுப்புகளின், அதாவது செய்த திருத்தங்களின், எண்ணிக்கையை மட்டும் கொண்டால், எளிதில் எண்ணத்தக்க வேலையே பெருகும். ஐயங்களுக்கு விடையளிப்பவரும் பயன்பாட்டுக் கையேடு எழுதுபவரும் கூட்டங்களை ஒழுங்கு செய்பவரும் கணக்கில் வரமாட்டார்கள். பெர்ல் என்னும் நிரல்மொழியின் குழுமம் 1999இல் தொடங்கிய ‘வெள்ளை ஒட்டகம்’ விருது, நிரல் எழுதுவதற்கு அப்பாற்பட்ட இத்தகைய தொண்டுக்கென்றே ஏற்பட்டது என்பதால் தனிப் பாராட்டுக்கு உரியது. புதிதாக விருது நிறுவ எண்ணும் குழுமங்கள் முதல் விருதைத் தங்கள் புகழ்பெற்ற நிரலாளருக்கு அளிக்காமல், கையேட்டைத் திருத்திவரும் ஒருவருக்கு, அவர் செய்த பணியைப் பெயர் சுட்டி எழுதி அளிக்க வேண்டும்.