இரண்டு தாள் எடையில் தள்ளும் எஞ்ஜின்

பழைய பிக்சர் ட்யூப் மானிட்டர் எப்படி வேலை செய்தது என்று நீங்கள் யோசித்ததுண்டா? ட்யூபின் பின்பக்கம் எலக்ட்ரான்கள் கிளம்பும். அதிக வோல்டேஜ் அவற்றை இழுத்து வந்து திரையில் மோத வைக்கும். இதே வித்தையைச் சற்று மாற்றினால் விண்கலத்தையே ஓட்டலாம். இதற்கு அயான் எஞ்ஜின் என்று பெயர்.

இதில் நெருப்பு கிடையாது. செனான் என்ற வாயுவின் அணுக்கள் மீது எலக்ட்ரான்களை மோத விடுகிறார்கள். எலக்ட்ரானை இழந்த அணு பாசிட்டிவ் சார்ஜ் பெறுகிறது. இதுதான் அயான். எஞ்ஜினின் வாயில் துளைகள் நிறைந்த இரண்டு உலோகத் தட்டுகள் உள்ளன. அவற்றுக்கு இடையே ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால் அயான்கள் விநாடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே பாயும். சாதாரண ராக்கெட்டின் புகையை விட இது பல மடங்கு வேகம். எனவே கொஞ்சம் செனான் வெகு தூரம் வரும். ஆனால் தள்ளும் விசை? உள்ளங்கையில் இரண்டு ஏ4 தாள்களை வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான். அதற்கே இரண்டு அயர்ன் பாக்ஸ்களுக்கான மின்சாரம் வேண்டும். சோலார் பேனல்கள் அதைத் தருகின்றன.

1998 அக்டோபரில் நாசா அனுப்பிய டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தின் முக்கிய எஞ்ஜினே இதுதான். நவம்பர் 10 அன்று எஞ்ஜினை ஆன் செய்தார்கள். நாலரை நிமிடத்தில் தானாகவே நின்றுவிட்டது! மறுபடி மறுபடி முயன்றும் ஓடவில்லை. பூமியில் இருந்து யாரும் போய் மூடியைக் கழற்றிப் பார்க்க முடியாது. தட்டுகளுக்கு இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் ஏதோ துகள் சிக்கி ஷார்ட் ஆகியிருக்கலாம் என்று இன்ஜினியர்கள் சந்தேகப்பட்டார்கள். விண்கலத்தைத் திருப்பித் திருப்பி எஞ்ஜினை வெயிலிலும் நிழலிலும் காட்டினார்கள். தட்டுகள் விரிந்து சுருங்கினால் துகள் விழுந்துவிடும் அல்லவா? நவம்பர் 24 அன்று மறுபடி ஸ்டார்ட் செய்தபோது எஞ்ஜின் ஓடியது. (நம் கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் நாமும் இதைத்தானே செய்கிறோம்!) பிறகு 2001 வரை மொத்தம் 16,000 மணி நேரத்துக்கும் மேல் உழைத்தது. போரெலி வால்நட்சத்திரத்தின் அருகே போய்ப் படமும் எடுத்தது.

அந்த நம்பிக்கையில்தான் 2007இல் டான் விண்கலத்தை இதே வகை எஞ்ஜின்கள் மூன்றுடன் அனுப்பினார்கள். அது 2011இல் வெஸ்டாவையும் 2015இல் சீரீஸையும் சுற்றி வந்தது. ஒரே விண்கலம் பூமிக்கு அப்பால் இரண்டு உலகங்களைச் சுற்றியது அதுவே முதல் முறை.

அடுத்த தலைமுறைக்காக நாசா உருவாக்கிய எஞ்ஜினின் பெயர் நெக்ஸ்ட். தரையில் காற்றை உறிஞ்சிய தொட்டிக்குள் வைத்து அதைச் சோதித்தார்கள். மொத்தம் 51,000 மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. உங்கள் கம்ப்யூட்டரை ஐந்தரை வருடத்துக்கும் மேல் ஷட் டவுன் செய்யாமல் விட்டால் எத்தனை மணி நேரமோ, அத்தனை!