கயிறு தெரிந்த பேய்... கதி கலங்கிய காலம்!

திருச்சி டவுனில் செகண்ட் ஷோ. பேய்ப் படம்! ஆட்டம் முடியும்போது நள்ளிரவு தாண்டிவிடும். டவுன் பஸ் போயிருக்கும். சீரங்கத்துக்காரர்கள் நடராஜா சர்வீஸில்தான் வீடு திரும்பவேண்டும். குறுக்கே காவிரிப் பாலம். தென்கரை ஓரத்திலோ ஓயாமாரி சுடுகாடு!

கொட்டகையில் பேயைப் பார்த்து விசில் அடித்தவர்கூட அந்த இடம் வந்ததும் கப்சிப். "திரும்பிப் பாக்காம நடடா!" என்ற பேச்சு மட்டும்தான் கேட்கும்.

இன்று அந்தக் காலத் தியேட்டர்கள் பலவற்றில் படம் ஓடுவதில்லை. அந்தப் பேய்கள் மட்டும் செல்போனுக்குக் குடிவந்துவிட்டன. பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். "தாத்தா, இதுக்கா பயந்தீங்க? கயிறு தெரியுதே!"

அடுப்பில் கால்!

உண்மைதான், கயிறு தெரிகிறது. மந்திரப் பட மன்னர் விட்டலாச்சார்யா சிக்கனத்துக்குப் பேர்போனவர். ஹீரோவின் கால்ஷீட் கிடைக்காவிட்டால், சாபம் கொடுத்து அவரைக் கிளியாக்கிவிடுவார் என்று சினிமா வட்டாரத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. தெலுங்கில் அவர் எடுத்த 'ஜகன்மோகினி' (1978) தமிழ் பேசிக்கொண்டு இங்கேயும் வந்தது. விறகுக்குப் பதில் தன் காலையே அடுப்பில் வைத்து ஜெயமாலினி சமைத்த காட்சியை யார் மறப்பார்?

பேய் செய்வது எப்படி?

கம்ப்யூட்டர் இல்லாத காலம். கேமராவை அசையாமல் நிறுத்தி, முதலில் காலி அறையைப் படம்பிடிப்பார்கள். பிறகு அதே பிலிமைப் பின்னால் சுற்றி, கறுப்புத் திரைக்கு முன் நடிகையை நிற்கவைத்து மறுபடி எடுப்பார்கள். நடிகைக்குள்ளே நாற்காலி தெரியும். ஆவி ரெடி! மாயமாக மறைய வேண்டுமா? கேமராவை நிறுத்து, ஆளை நகர்த்து, மறுபடி ஓட்டு. வேலை முடிந்தது. மீதியைக் கொலுசுச் சத்தமும் நாய் ஊளையும் பார்த்துக்கொள்ளும்.

பூதத்தைச் சிரிக்கவைத்தும் காசு பார்த்தார்கள். 'பட்டணத்தில் பூதம்' (1967) படத்தில் ஜாவர் சீதாராமன் பூதமாக வந்து போட்ட 'ஜீ பூம்பா'வைத் தெருப்பிள்ளைகள் எல்லாம் சொல்லித் திரிந்தார்கள்.

சீரங்கத்து பதில்!

சீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதா வேறு வழியில் போனார். குமுதத்தில் வந்த அவரது 'கொலையுதிர் காலம்' தொடரில் பேய் நடமாடும். கணேஷும் வசந்தும் துப்புத் துலக்கினால், பின்னணியில் இருப்பது ஹாலோகிராம் என்னும் ஒளி வித்தை! பேய்க்கும் விஞ்ஞானத்துக்கும் அவர் வைத்த பந்தயம் அது.

யார் அந்தப் பேய்?

சரி, கயிறு தெரிந்தும் ஜனங்கள் ஏன் பயந்தார்கள்? பேயின் கதையைக் கவனித்தால் புரியும். வெள்ளைப் புடவைக்காரி பெரும்பாலும் ஏமாற்றப்பட்டவள், அல்லது கொல்லப்பட்டவள். உயிரோடு இருந்தவரை அவள் சொல் அம்பலம் ஏறவில்லை. செத்த பிறகுதான் ஊரே கைகட்டிக் கேட்கிறது! தப்பு செய்தவன் நெஞ்சு படபடக்கிறது. பெண்கள் வரிசையில் கண்ணீர் விட்டவர்களுக்கு அது வெறும் பொம்மை வேடிக்கையாக இருந்திருக்காது.

இன்றைய கோடி ரூபாய்ப் பேய்களும் அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் ஏறின. 'காஞ்சனா' (2011) படத்தில் ஆவியாக வருவது யார்? நிலம் பறிபோய், கொலையும் செய்யப்பட்ட ஒரு திருநங்கை!

இதில் ஒரு கோணலும் உண்டு. திரையில் பேய் நியாயம் கேட்டது. வெளியிலோ, மனநோயில் தவித்த பெண்களைப் 'பேய் பிடித்தவள்' என்று வேப்பிலையால் அடித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவர்கள் பூசாரியிடம் போனார்கள். இன்றும் அது அடியோடு ஒழியவில்லை.

ஆகவே, பேரப்பிள்ளைகள் கயிற்றைப் பார்த்துத் தாராளமாகச் சிரிக்கட்டும். சிரித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அவளுக்கு யாருடா அநியாயம் பண்ணினது?"

அதற்குப் பதில் சொல்லும்போது சிரிப்பு நின்றுவிடும்!