ஹெல்சிங்கி – டோக்கியோ: நீண்டுபோன வான்வழி

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையே சுமார் 7,800 கிலோமீட்டர் தூரம். 2022 பிப்ரவரி வரை விமானம் அதை ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரத்தில் கடந்தது. அடுத்த மாதமே பயணம் 13 மணி நேரமாகிவிட்டது. ஊர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. உக்ரைன் போரை அடுத்து ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடியதுதான் காரணம்.

தட்டையான உலகப் படத்தில் டோக்கியோ ஹெல்சிங்கிக்குத் தென்கிழக்கே இருக்கிறது. ஆனால் உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது முதலில் வடகிழக்கே ஏறி, ஆர்க்டிக் வட்டத்தைத் தொட்டு, சைபீரியாவின் மேல் வளைந்து இறங்கும். அதுதான் குறுக்குவழி. ஃபின்ஏர் நிறுவனம் ஆசியாவுக்கான தன் சேவைகளை இந்த வளைவை நம்பியே வளர்த்தது.

அது அடைபட்டதும் இரண்டு வழிகள் மிஞ்சின. ஒன்று, தெற்கே இறங்கி, துருக்கி, கஜகஸ்தான், சீனா வழியாகச் செல்வது. மற்றொன்று, வடதுருவத்தைக் கடந்து பெரிங் நீரிணை வழியாக இறங்குவது. இந்த வடக்குப் பாதை 10,500 கிலோமீட்டரைத் தாண்டும். 1983-இல் டோக்கியோ சேவையைத் தொடங்கியபோது, சோவியத் வான்வெளியைத் தவிர்க்க இதே நிறுவனம் தன் டிசி-10 விமானத்தை இப்படித்தான் அனுப்பியது. அப்போதும் 13 மணி நேரம்தான். நாற்பது ஆண்டுகளில் இயந்திரங்கள் எவ்வளவோ முன்னேறியும் பயணி அதே நேரம் அமர்ந்திருக்கிறார், கூடுதல் எரிபொருளும் தினமும் எரிகிறது என்பது மனதை வருத்துகிறது.

துருவப் பாதையில் விமானிக்கு வேலை அதிகம். காந்தத் திசைகாட்டி அங்கே பயன்படாது. ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும். வெளிக்காற்றோ அதைவிடக் குளிராக இருக்கலாம். இறக்கைத் தொட்டியின் வெப்பநிலை மிகவும் குறைந்தால், விமானி உயரத்தைக் குறைப்பார் அல்லது வேகத்தைக் கூட்டுவார். வேகம் கூடினால் காற்றின் உராய்வும் அழுத்தமும் இறக்கையைச் சற்றுச் சூடாக்கும்.

எந்த வழியில் போவது என்பதைக் காற்றுதான் பெரிதும் முடிவுசெய்கிறது. ஜப்பானுக்கு மேலே, பத்துக் கிலோமீட்டர் உயரத்தையொட்டி, மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்றோட்டம் பாய்கிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைக்கூடத் தாண்டும். 1920-களில் டோக்கியோ அருகே டடேனோ ஆய்வகத்தில் பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்தவர் வசாபுரோ ஓயிஷி. முடிவுகளை எஸ்பெராந்தோ மொழியில் வெளியிட்டதால் வெளியுலகம் அவற்றைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. இவ்வளவு பெரிய கண்டுபிடிப்புக்கு உரிய புகழ் அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை என்றே சொல்வேன்.

இன்று விமான நிறுவனங்கள் அந்தக் காற்றைக் கணக்கிட்டே பறக்கின்றன. லண்டனிலிருந்து டோக்கியோ வரும் ஜப்பானிய விமானங்கள் பெரும்பாலும் மத்திய ஆசியா வழியாக, காற்று முதுகில் தள்ள வருகின்றன. திரும்பும்போது எதிர்காற்றுக்கு ஒதுங்கி அலாஸ்கா, கிரீன்லாந்து பக்கமாகப் போகின்றன. ஆக, போய்த் திரும்பும் பயணி எப்போதும் கிழக்கு நோக்கியே பறந்து உலகை ஒருமுறை சுற்றிவிடுகிறார்.