கை நடுக்கம்: நிபுணரைப் பார்க்க வேண்டுமா?

காப்பித் தம்ளரை எடுத்தால் கை நடுங்குகிறது. வங்கியில் இட்ட கையெழுத்து பழைய கையெழுத்தோடு ஒத்துப்போவதில்லை. ஊசியில் நூல் கோக்க இயலவில்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகளிலிருந்து புறநோயாளர் பிரிவுக்கு வருவோர் பலர் இவ்வாறு கூறிவிட்டு, ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கின்றனர்: “இதற்காக மதுரைக்குப் போய் நரம்பியல் நிபுணரைப் பார்க்க வேண்டுமா, அல்லது இது வயதானால் வருவதுதானா?”

இது நியாயமான கேள்வி. மதுரைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும். உடன் வரும் மகனோ மகளோ விடுப்பு எடுக்க வேண்டும். ஆனால் நூற்பாலையில் இழை முடிபவருக்கும், மருத்துவத் துணி மடிப்பவருக்கும், தையற்காரருக்கும், பூக்கட்டுபவருக்கும் கைதான் வருமானம். ஆகவே தேவையற்ற அலைச்சலும் வேண்டாம். தேவையான பயணத்தைத் தள்ளிப்போடுவதும் வேண்டாம். இவ்விரண்டையும் பிரித்தறிய உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

“நரம்புத் தளர்ச்சி” என்பது நோயின் பெயரன்று

நடுக்கம் கண்டவர்களுள் பலர் முதலில் கேட்கும் சொல் “நரம்புத் தளர்ச்சி” என்பதாகும். அதற்குச் சத்து ஊசியும் டானிக்கும் பல மாதங்கள் தொடர்கின்றன. நரம்புத் தளர்ச்சி என்ற சொல் காரணத்தைச் சுட்டுவதில்லை. நடுக்கம் என்பதும் காய்ச்சலைப் போல ஓர் அறிகுறியே. அதன் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றுள் சில முற்றிலும் நீங்கக்கூடியவை. சிலவற்றை அடக்கி வைக்கலாம். மிகச் சிலவற்றில் மட்டுமே தாமதம் பெருங்கேடாக முடியும்.

ஒன்றை முதலில் தெளிவுபடுத்துவோம். நுண்ணிய நடுக்கம் எல்லா மனிதருக்கும் இயல்பாகவே உண்டு. உறக்கமின்மை, பசி, காய்ச்சல், அச்சம், அளவுக்கு மிஞ்சிய தேநீர் அல்லது காப்பி, பளுவான வேலை ஆகியவற்றால் அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கூடும். காரணம் விலகியதும் நடுக்கமும் விலகினால் நிபுணரைத் தேட வேண்டிய தேவையில்லை.

கை எப்போது நடுங்குகிறது?

எவ்வளவு நடுங்குகிறது என்பதைவிட எப்போது நடுங்குகிறது என்பதே மருத்துவருக்கு அதிகம் சொல்லும். இதை வீட்டிலேயே கவனிக்கலாம்.

முதலில், நாற்காலியில் அமர்ந்து இரு கைகளையும் தொடை மீது தளர்வாக வையுங்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லுங்கள். மனம் கணக்கில் இருக்கும்போது ஒரு கை மட்டும், விரலால் எதையோ உருட்டுவது போல நடுங்கினால் அது ஓய்வு நடுக்கம். பார்க்கின்சன் நோயில் பெரும்பாலும் காணப்படுவது இதுவே. பொதுவாக அது ஒரு பக்கத்தில் தொடங்கும். கையைப் பயன்படுத்தும்போது குறையும். அதனுடன் நடை மெதுவாதல், நடக்கும்போது ஒரு கை வீசாதிருத்தல், எழுத்து வரவரச் சிறுத்துப் போதல், முகத்தில் உணர்ச்சி குறைதல் ஆகியவை உண்டா என்று வீட்டார் கவனிக்க வேண்டும். மலச்சிக்கலும், வாசனை தெரியாமற்போவதும், உறக்கத்தில் கத்திக் கை கால்களை உதறுவதும் சிலருக்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கியிருக்கும்.

அடுத்து, இரு கைகளையும் முன்னே நீட்டுங்கள். பிறகு ஒரு தம்ளர் தண்ணீரை இன்னொரு தம்ளரில் ஊற்றுங்கள். ஒரு தாளில் நத்தைக் கூடு போன்ற சுருள் கோட்டை வரையுங்கள். ஓய்வில் அமைதியாக இருக்கும் கைகள் இச்செயல்களின்போது நடுங்கினால் அது செயல் நடுக்கம். இரு கைகளிலும் பல ஆண்டுகளாக மெல்ல வளர்ந்து, தந்தைக்கோ தாய்க்கோ அத்தைக்கோ இருந்ததாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் ‘எசென்ஷியல் ட்ரெமர்’ எனும் வகையாகும். இதில் தலை ஆடுவதும் குரல் நடுங்குவதும் உண்டு. எழுத்து சிறுக்காது, பெரிதாகவும் கோணலாகவும் இருக்கும். இது பார்க்கின்சன் நோயைவிடப் பரவலாகக் காணப்படுவது.

மூன்றாவதாக, எதிரில் இருப்பவரின் விரலைத் தொட்டுவிட்டு உங்கள் மூக்கைத் தொடுங்கள். இலக்கை நெருங்க நெருங்க நடுக்கம் பெருகினால், அல்லது நடை தள்ளாடினால், சிறுமூளையில் கோளாறு இருக்கலாம். இதற்கு நரம்பியல் நிபுணரின் கருத்து கட்டாயம் தேவை.

இச்சோதனைகள் நோயை உறுதி செய்பவை அல்ல. மருத்துவரிடம் சரியாகச் சொல்ல உதவுபவை.

மருந்துப் பையைப் பாருங்கள்

நடுக்கத்துக்கான காரணம் பலமுறை வீட்டு மருந்துப் பையிலேயே இருக்கும். ஆஸ்துமாவுக்கான சால்பூட்டமால், தியோஃபிலின், வலிப்புக்கான வால்புரோயேட், மனநலச் சிகிச்சையில் தரும் லித்தியம், அளவு மிகுந்த தைராய்டு மாத்திரை ஆகியவை செயல் நடுக்கத்தை உண்டாக்கக்கூடும். லித்தியம் உட்கொள்பவருக்கு நடுக்கம் திடீரெனக் கூடி, வாந்தியோ வயிற்றுப்போக்கோ தள்ளாட்டமோ சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

இதனினும் கவனிக்க வேண்டிய பிரிவு ஒன்று உண்டு. வாயுத் தொல்லைக்கு அமில மாத்திரையோடு சேர்த்துத் தரப்படும் லெவோசல்பிரைடு, வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, தலைச்சுற்றலுக்கான புரோகுளோர்பெரசின், சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃப்ளூனரிசின் ஆகியவற்றைச் சிலர் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கி உண்கின்றனர். இவை குறிப்பாக முதியவர்களிடம் பார்க்கின்சன் நோயைப் போன்றே நடுக்கத்தையும் விறைப்பையும் தோற்றுவிக்கலாம். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோர்க்கு அது சில வாரங்களிலோ மாதங்களிலோ குறையும். காரணம் அறியாமல் அந்த மாத்திரையையும் தொடர்ந்து, அதன் விளைவுக்கு வேறொரு மாத்திரையையும் சேர்ப்பது தவறு.

ஆயினும் எந்த மருந்தையும் நீங்களாகவே நிறுத்தாதீர்கள். வலிப்பு மருந்தையும் மனநல மருந்தையும் திடீரென நிறுத்துவது ஆபத்து. எழுதித் தந்த மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

மதுவுக்கும் இது பொருந்தும். நாள்தோறும் குடிப்பவருக்குக் காலையில் கை நடுங்கி, மீண்டும் குடித்ததும் அடங்கினால், அது உடல் மதுவுக்கு அடிமையானதன் அடையாளம். வீட்டார் அவரைத் திடீரென நிறுத்தச் செய்தால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். மருத்துவ மேற்பார்வையில் நிறுத்துவதே பாதுகாப்பானது.

இளவயதினருக்கு நடுக்கம் வந்தால்

நாற்பது வயதுக்கு உட்பட்டவருக்குக் காரணம் தெரியாத நடுக்கம் வந்தால் காத்திருக்க வேண்டாம். தைராய்டு மிகைச் சுரப்பு இவ்வயதில் அடிக்கடி காணும் காரணம். உடல் மெலிதல், படபடப்பு, மிகுந்த வியர்வை ஆகியவை உடனிருக்கும். எளிய இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும்.

அரிதாயினும் தவறவிடக் கூடாதது வில்சன் நோய். கல்லீரலால் செம்புச் சத்தை வெளியேற்ற இயலாமல், அது கல்லீரலிலும் மூளையிலும் படிவதால் இந்நோய் உண்டாகிறது. பள்ளி, கல்லூரி மாணவருக்கு எழுத்து கெடுவது, பேச்சு குழறுவது, படிப்பில் பின்தங்குவது, குணம் மாறுவது, முன்பு காரணமின்றி மஞ்சள் காமாலை வந்திருப்பது ஆகியவை குறிப்புகள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால் மட்டுமே இது தோன்றும். ஆகவே மாமன் மகள், அத்தை மகன் என நெருங்கிய உறவில் மணம் புரிந்தோர் குடும்பங்களில் இதன் வாய்ப்பு கூடுதல். கண் மருத்துவர் கருவிழி விளிம்பில் பழுப்பு வளையம் உள்ளதா என்று பார்ப்பார். இரத்தத்தில் செருலோபிளாஸ்மின் அளவும், 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு அளவும் பார்க்கப்படும். காலத்தே கண்டால் மருந்தால் கட்டுப்படுத்தலாம். விட்டுவிட்டால் உயிருக்கே ஊறு. ஒருவருக்கு உறுதியானால், உடன்பிறந்தோர் ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருப்பதால், அறிகுறி இல்லாவிடினும் அவர்களையும் சோதிக்க வேண்டும்.

எவ்வளவு விரைவாக?

*உடனே (108-ஐ அழையுங்கள்):* திடீரெனத் தொடங்கிய நடுக்கத்துடன் வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், மயக்கம், வலிப்பு அல்லது கடுங்காய்ச்சலுடன் மனக்குழப்பம் இருந்தால். நீரிழிவு நோயாளிக்கு நடுக்கம், வியர்வை, பசி சேர்ந்து வந்தால் சர்க்கரை குறைந்திருக்கலாம். விழுங்கும் நிலையில் இருந்தால் முதலில் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

*சில நாட்களுக்குள்:* புதிய மருந்து தொடங்கிய பின் வந்த நடுக்கம், வாரந்தோறும் வேகமாகக் கூடும் நடுக்கம், இளவயதினரின் நடுக்கம், நடை தள்ளாட்டத்துடன் வரும் நடுக்கம்.

*சில வாரங்களுக்குள்:* ஒரு பக்க ஓய்வு நடுக்கம், செயல்கள் மெதுவாதல், அல்லது உண்பது, எழுதுவது, தொழில் செய்வது ஆகியவற்றைத் தடுக்கும் நடுக்கம்.

*காத்திருந்து கவனிக்கலாம்:* பல ஆண்டுகளாக ஒரே அளவில் இருந்து, அன்றாட வேலைக்கு இடையூறு செய்யாத, குடும்பத்தில் பலருக்கும் உள்ள செயல் நடுக்கம். ஆனாலும் ஒருமுறையேனும் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலில் யாரைப் பார்ப்பது?

அவசர நிலை அல்லாதபோது முதல் படி உங்கள் ஊரிலுள்ள பொது மருத்துவரே. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. தைராய்டு, சர்க்கரை, கல்லீரல், சிறுநீரகம், உப்புச் சத்து ஆகிய பரிசோதனைகளையும் மருந்துப் பட்டியலையும் பார்த்தாலே பலருக்குக் காரணம் புலப்படும். அதன் பின்னரும் ஐயம் இருந்தால், அல்லது பார்க்கின்சன், வில்சன், சிறுமூளைக் கோளாறு என்ற எண்ணம் எழுந்தால், நரம்பியல் மருத்துவரிடம் செல்லுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நரம்பியல் துறை உண்டு. நரம்பியல் மருத்துவர் வேறு, நரம்பியல் அறுவை மருத்துவர் வேறு என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். நடுக்கத்துக்கு முதலில் பார்க்க வேண்டியவர் முன்னவர்.

மருத்துவர் சொல்லும் முன்பே ஸ்கேன் எடுத்துப் பணத்தைச் செலவிட வேண்டாம். பார்க்கின்சன் நோயும் எசென்ஷியல் ட்ரெமரும் முதன்மையாக மருத்துவரின் நேரடிப் பரிசோதனையால் அறியப்படுபவை. வழக்கமான எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பெரும்பாலும் வேறு காரணங்களை விலக்கவே உதவும்.

செல்லும்போது இவற்றை எடுத்துச் செல்லுங்கள்: சித்த, ஆயுர்வேத மருந்துகள் உட்பட உண்ணும் எல்லா மருந்துகளும், நடுக்கம் வரும்போது கைப்பேசியில் எடுத்த ஒரு நிமிடக் காணொளி, இன்றைய தேதியில் எழுதிய நான்கு வரிகளும் சில ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஒரு பழைய தாளும், தொடங்கிய மாதம், குடும்பத்தில் யாருக்கு உண்டு என்ற குறிப்பு. நோயாளியுடன் ஒரே வீட்டில் வாழ்பவர் உடன் வருவது நல்லது.

பெயர் தெரிந்துவிடும் என்று அஞ்சலாமா?

“பார்க்கின்சன் என்று சொல்லிவிடுவார்களோ” என்ற அச்சத்தாலேயே வராதவர்கள் உண்டு. இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்நோயை விவரித்தபோது பயனுள்ள மருந்து ஏதும் இல்லை. இன்று லெவோடோபா என்னும் மருந்து உண்டு. நோயை அது முற்றிலும் போக்காது. ஆனால் நடையையும் கையின் இயக்கத்தையும் பல ஆண்டுகளுக்கு மேம்படுத்தும். இப்பொருள் நம் ஊர்ப் பூனைக்காலி விதையிலும் உள்ளது. 1937-இல் தாமோதரன், ராமசாமி என்னும் இந்திய அறிவியலாளர்கள் அவ்விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். அதற்காக விதைப் பொடியைத் தாமாக வாங்கி உண்ணக் கூடாது. பொடிக்குப் பொடி அளவு மாறும். மாத்திரையுடன் சேர்ந்தால் மருந்து மிகையாகும். உண்பவர்கள் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள்.

எசென்ஷியல் ட்ரெமருக்கு, வேலைக்கு இடையூறு இருந்தால் மட்டுமே மருந்து தேவை. புரொப்ரனலால் பலருக்குப் பயன் தரும். ஆஸ்துமா உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். ஆகவே அடுத்த வீட்டாருக்குத் தந்த மாத்திரை உங்களுக்குப் பொருந்தும் என்று கொள்ளாதீர்கள்.

மன அழுத்தத்தோடு தொடர்புடைய நடுக்கமும் உண்டு. அது நடிப்பன்று; உண்மையான நோய்; சிகிச்சையும் உண்டு. அவரைக் கேலி செய்வதோ கடிந்துகொள்வதோ நோயைக் கூட்டவே செய்யும்.

கை நடுங்குவதைப் பிறர் பார்ப்பார்களே என்று திருமணப் பந்தியிலும் கோயில் விழாவிலும் கலந்துகொள்ளாமல் ஒதுங்கிவிடுவோரை அடிக்கடி காண்கிறோம். நடுக்கத்தைவிட அந்த ஒதுக்கமே சிலரை அதிகம் முடக்குகிறது. வீட்டில் ஒருவர் தம்ளரை இரு கைகளால் பிடிக்கத் தொடங்கினால், கையெழுத்திட வேண்டிய இடங்களைத் தவிர்த்தால், இக்கட்டுரையை அவருடன் அமர்ந்து படியுங்கள். மருந்துப் பையை எடுத்துக்கொண்டு, இந்த வாரமே அருகிலுள்ள மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மதுரைப் பயணம் தேவையா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.