503 வந்ததும் வார்னிஷை ரீஸ்டார்ட் பண்ணாதீங்க

தளத்தைத் திறந்தா வெள்ளைப் பக்கம். மேலே 'எரர் 503', கீழே 'பேக்எண்ட் ஃபெட்ச் ஃபெயில்ட்', அதுக்கும் கீழே 'குரு மெடிடேஷன்', எக்ஸ்ஐடி என்று ஒரு எண். கடைசி வரியில் 'வார்னிஷ் கேஷ் சர்வர்' என்று கையெழுத்து. கையெழுத்து அதோடது என்பதால் பழியும் அதன் மேலேயே விழுது. உடனே யாராவது ஒருத்தர் வார்னிஷை ரீஸ்டார்ட் பண்றார். பெரும்பாலான நேரங்கள்ல அந்த ஒரு வேலைதான் சின்னக் கோளாறைப் பெரிசாக்குது.

எங்க அம்மாபேட்டையில் இதை விளக்குவது சுலபம். முன்னாடி சேலைக் கடை, பின்னாடி தறிக்கூடம். அலமாரியில் இருப்பு இருக்கிற வரைக்கும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்துட்டே இருப்பார். இல்லாத ரகத்தைக் கேட்டா மட்டும் பின்னாடி குரல் கொடுப்பார். பாவு தீர்ந்து தறி நின்னு போனா, "சரக்கு வரலைங்க" என்று கடைக்காரர்தான் சொல்லியாகணும். அந்தக் கடைக்காரர்தான் வார்னிஷ், அவர் சொல்ற பதில்தான் 503. கோளாறு தறியில்.

வார்னிஷ் பிறந்தது நார்வேயில், வி.ஜி. நாளிதழின் தளத்துக்காக. எழுதியவர் ஃப்ரீபிஎஸ்டி ஆள் பால்-ஹென்னிங் காம்ப். முதல் வெளியீடு 2006. ஸ்க்விட் ஓடிய 12 இயந்திரங்கள் செஞ்ச வேலையை 3 இயந்திரங்கள்ல முடிச்சதா அவரே எழுதியிருக்கார். 'குரு மெடிடேஷன்' பழைய அமிகா கணினி செத்து விழும்போது காட்டுற வாசகம். குறும்புக்கு எடுத்து வச்சுக்கிட்டாங்க. அதுக்கு வேற அர்த்தம் கிடையாது.

ரீஸ்டார்ட் ஏன் கூடாதுன்னு கணக்கு போட்டுப் பாருங்க. நிமிஷத்துக்கு 1000 கோரிக்கை வர்ற ஒரு தளம்னு வச்சுக்குவோம். 950-ஐ கேஷே சமாளிச்சா பேக்எண்டுக்குப் போறது 50. ரீஸ்டார்ட் பண்ணினா கேஷ் காலி. மெமரியில் வச்சிருந்தாலும் சரி, ஃபைல் ஸ்டோரேஜில் வச்சிருந்தாலும் சரி, மிஞ்சாது. ஏற்கெனவே மூச்சு வாங்கிட்டிருந்த பேக்எண்டு மேல ஆரம்ப நிமிஷங்கள்ல 20 மடங்கு பாரம் விழும். தீபாவளிக்கு முந்தின வாரத்துல துணிக்கடைத் தளத்துக்கு இப்படி நடந்தா, கொஞ்சம் பேருக்கு மட்டும் தெரிஞ்ச 503 எல்லாருக்கும் தெரியும்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. வார்னிஷ் தன் லாகை வழக்கமா டிஸ்க்கில் எழுதுறதில்லை. பகிர்வு மெமரியில் சுத்திச் சுத்தி எழுதிட்டிருக்கும். ரீஸ்டார்ட் பண்ணினா அதுவும் போச்சு. அதனால முதல் வேலை, 'வார்னிஷ்லாக்' கட்டளையை ஓட விட்டு, நிலை 503 ஆன கோரிக்கைகளை மட்டும் வடிகட்டி ஒரு கோப்பில் சேமிக்கிறது. 'மைனஸ் டி' சேர்த்தா மெமரியில் மிச்சமிருக்கிற பழைய பதிவுகளும் வரும். பக்கத்துல பார்த்த எக்ஸ்ஐடி எண்ணை வச்சுத் தேடினா அந்தக் கோரிக்கையே கையில் கிடைக்கும்.

அதுல தேட வேண்டியது 'ஃபெட்ச்எரர்' என்கிற வரி. அது இல்லாம 5-ல் தொடங்குற எண் மட்டும் இருந்தா, பேக்எண்டே அந்தப் பதிலைக் கொடுத்திருக்கு, வார்னிஷ் கடத்திவிட்டிருக்கு என்று அர்த்தம். நேரா அப்பாச்சி, பிஎச்பி லாகுக்குப் போயிடலாம். வரி இருந்தா, இணைப்பே கிடைக்கலையா, இணைப்பு கிடைச்சும் பதில் வரலையா என்று பார்க்கணும்.

'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' உடனே வந்தா நல்ல செய்திதான்: இயந்திரம் உயிரோட இருக்கு, அந்த போர்ட்டில் கேட்க ஆள் இல்லை. 3.5 விநாடி காத்திருந்து கைவிட்டா (அதுதான் இயல்பான இணைப்பு நேர வரம்பு) ஃபயர்வாலோ நெட்வொர்க்கோ இயந்திரமோ. 'பெர்மிஷன் டினைடு' என்றால் ரெட்ஹேட் வகை இயந்திரங்கள்ல எஸ்ஈலினக்ஸை ஒரு தடவை சந்தேகப்படுங்க.

இணைப்பு கிடைச்சு 60 விநாடி வரை முதல் பைட் வரலைன்னா பெரும்பாலும் பேக்எண்டில் ஆள் பற்றாக்குறை, இல்லேன்னா டேட்டாபேஸ் மெதுவு. பிஎச்பி-எஃப்பிஎம் தொகுப்போட வர்ற மாதிரி அமைப்புல ஒரே நேரத்துல வேலை செய்யுற பிராசஸ் 5 தான். அதை அப்படியே விட்டிருக்கிற தளங்கள் நிறைய. இந்த இடத்துல நேர வரம்பை 60-லிருந்து 300 ஆக்கச் சொல்றவங்க இருக்காங்க. எனக்கு உடன்பாடில்லை. ஒரு நிமிஷத்துல வராத பக்கத்துக்கு அஞ்சு நிமிஷம் காத்திருக்கிற வாடிக்கையாளர் யாருமில்லை. காத்திருக்கிற த்ரெட்கள்தான் குவியும்.

அடுத்தது ஹெல்த் புரோப். 'வார்னிஷ்ஆட்ம்' வழியா பேக்எண்ட் பட்டியலைக் கேட்டா 'ஹெல்தி', 'சிக்' என்று காட்டும். வேற எதுவும் சொல்லலைன்னா 5 விநாடிக்கு ஒருமுறை முகப்புப் பக்கத்தைக் கேட்கும். 2 விநாடிக்குள்ள 200 வரணும். கடைசி 8-ல் 3 தேறணும். அதாவது தொடர்ந்து 6 முறை தவறினா, ஏறக்குறைய அரை நிமிஷத்துல, பேக்எண்டு நோயாளி. இங்கதான் வேடிக்கை. எச்டிடிபிஎஸ்-க்கு மாத்தினதும் முகப்புப் பக்கம் 301 கொடுக்க ஆரம்பிக்கும். புரோபுக்கு வேண்டியது 200. நல்லா ஓடிட்டிருக்கிற பேக்எண்டை 'சிக்' என்று எழுதிவச்சுட்டு எல்லாருக்கும் 503 கொடுக்கும். இதுக்கு நேரெதிரும் உண்டு: புரோப் வெறும் படக்கோப்பைக் கேட்டுட்டிருந்தா, டேட்டாபேஸ் செத்தாலும் 'ஹெல்தி'தான். புரோபுக்குன்னே டேட்டாபேஸைத் தொட்டுட்டு வர்ற சின்னப் பக்கம் ஒண்ணு எழுதி வைங்க.

கைமுறையாச் சோதிக்கும்போது வார்னிஷ் ஓடுற அதே இயந்திரத்துலேருந்து, சரியான ஹோஸ்ட் பேரோட, 'கர்ல்' மூலமா பேக்எண்டைக் கேளுங்க. வீட்டு லேப்டாப்பில் திறக்குதுங்கிறது சாட்சியே இல்லை. வழி வேற, ஃபயர்வால் விதி வேற.

பிடிபடாம அலைக்கழிக்கிறது விட்டுவிட்டு வர்ற 503. பக்கமெல்லாம் திறக்கும், ஆர்டர் பொத்தானை அழுத்துறப்ப மட்டும் எப்பவாவது விழும். வார்னிஷ் பேக்எண்டு இணைப்பை மூடாம 60 விநாடி வரை வச்சு மறுபடி பயன்படுத்தும். அப்பாச்சியோ நோடோ இயல்பா 5 விநாடியிலேயே சும்மா இருக்கிற இணைப்பை மூடிடும். இவர் அனுப்புற அதே நொடியில் அவர் கதவைச் சாத்தினா கோரிக்கை விழுந்துடும். கெட் கோரிக்கைன்னா வார்னிஷ் சத்தமில்லாம இன்னொரு தடவை முயற்சிக்கும், யாருக்கும் தெரியாது. உடல் பகுதியோட போன போஸ்ட்டை அப்படித் திரும்ப அனுப்ப முடியாது. அதனால அடி வாங்குறது ஆர்டரும் பணமும்தான். வார்னிஷோட 'பேக்எண்ட் ஐடில் டைம்அவுட்'டை பேக்எண்டு வரம்புக்குக் கீழே, 4 விநாடியா வச்சா பெரும்பாலும் தீர்ந்துடும்.

ரீஸ்டார்ட் பண்ணினா சரியாகிற ஒரு நோயும் இருக்கு, அதனாலதான் அந்தப் பழக்கமே ஒட்டிக்கிச்சு. பேக்எண்டை ஐபி எண்ணா இல்லாம பேரா எழுதியிருந்தா, விசிஎல் ஏறுற நேரத்துல ஒரே ஒரு தடவைதான் வார்னிஷ் அதுக்கு ஐபி தேடும். கிளவுடில் ஐபி மாறிட்டா பழைய முகவரிக்கே கதவு தட்டிட்டிருக்கும். இதுக்கு விசிஎல்லை ரீலோட் பண்ணினாப் போதும். கேஷ் அப்படியே இருக்கும்.

கடைக்காரரே மயங்கி விழுந்த நாளும் உண்டு. 2021 ஜூன் 8, இந்திய நேரம் பிற்பகல் மூன்றே காலுக்கு கார்டியன், ரெடிட், பிரிட்டன் அரசுத் தளம் என்று உலகம் முழுக்க 503. எல்லாத்துக்கும் முன்னாடி நின்றது வார்னிஷை அடிப்படையாகக் கொண்ட ஃபாஸ்ட்லி. மே 12 அன்று ஏற்றிய மென்பொருளில் ஒரு பிழை உறங்கிட்டிருந்தது. ஒரு வாடிக்கையாளர் செஞ்ச, முறைப்படி சரியான அமைப்பு மாற்றம் அதை எழுப்பிடுச்சு. அவங்க வலையமைப்பில் 85 சதவீதம் பிழை காட்டியது. 49 நிமிஷத்துல 95 சதவீதம் மீண்டது. அன்னிக்குப் பின்னாடி இருந்த பேக்எண்டுகள்ல ஒரு குத்தமும் இல்லை. உங்க சிடிஎன் கொடுக்கிற 503-ஆ, உங்க வார்னிஷ் கொடுக்கிறதா என்று தலைப்புகளைப் பார்த்து முதல்லயே பிரிச்சுக்கணும்.

தடுப்புக்கு 'கிரேஸ்' இருக்கு: காலாவதியான பக்கத்தையும் கொஞ்ச நேரம் கொடுத்துட்டே இருக்கிற ஏற்பாடு. இயல்பு அளவு 10 விநாடி, எதுக்கும் பத்தாது. பொருள் பட்டியல் பக்கங்களுக்கு 24 மணி நேரம் வைக்கலாம். வண்டிப் பக்கத்தை இதுல சேர்க்காதீங்க. பின்னணியில் புதுப்பிக்கப் போகும்போது 500, 503 வந்தா அதைக் கைவிடச் சொல்லி விசிஎல்லில் ஒரு வரியும் வேணும், இல்லேன்னா நல்ல பழைய பக்கத்தோட இடத்துல பிழைப் பக்கம் வந்து உக்காந்துக்கும்.

கிரேஸ் வச்சபிறகு தறி நின்னது கடைக்கு வர்றவங்களுக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதனால 'வார்னிஷ்ஸ்டாட்'டில் பேக்எண்ட் ஃபெயில், பேக்எண்ட் அன்ஹெல்தி என்கிற இரண்டு எண்ணிக்கைகளுக்கும், அவை ஏறினா போனுக்குச் செய்தி வர்ற மாதிரி, கிரேஸ் வைக்கிற அன்னிக்கே ஏற்பாடு பண்ணிடுங்க.