உங்களுக்குத் தெரியுமா? பன்றி ஈட்டியின் உயிர்நாடி குறுக்குக் கட்டை!

குத்துப்பட்ட காட்டுப்பன்றி பின்வாங்கும் என்று நம்ப முடியாது. ஈட்டி உடம்பில் ஏறியிருக்கும்போதே காம்பின் வழியாக முன்னேறி, கோரைப்பல்லால் வேட்டைக்காரரின் காலைக் கிழித்துவிடும். அதைத் தடுக்கவே, ஐரோப்பியப் பன்றி ஈட்டியில் அலகுக்குக் கீழே குறுக்குக் கட்டை வைத்தார்கள்.

● செனபோன் பெயரில் வழங்கும் பழங்கிரேக்க வேட்டை நூலிலேயே குறுக்குக் கட்டையைப் போலத் தடுக்கும் பற்களோடு கூடிய ஈட்டி விவரிக்கப்பட்டுள்ளது.

● அலகு அகன்ற இலை வடிவில் இருக்கும். ஆண் பன்றியின் தோள்பட்டைத் தோல் கேடயம்போல் தடித்தது. மெல்லிய முனை போதாது.

● காம்புக்கு உறுதியான மரம் தேர்ந்தார்கள். ஜெர்மானியர் அதன்மேல் தோல்வார்களைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிக் குமிழ் ஆணி அடித்தார்கள். வியர்வையிலும் இரத்தத்திலும் கை வழுக்காது.

● 16ஆம் நூற்றாண்டில், குதிரைமேல் வேட்டையாடியவர்களுக்கென்று பன்றி வாளும் இருந்தது. அதன் நுனிக்கு அருகிலுள்ள துளையில் குறுக்குக் கம்பியைச் செருகுவார்கள்.

● பன்றியின் கீழ்க் கோரைப்பல் மேல் கோரைப்பல்லோடு உரசி உரசித் தானாகவே கூர்மையாகும்.

நெருங்கி நின்று வேட்டையாடியவருக்குக் குத்தும் கூர்மை மட்டும் போதவில்லை. விலங்கை எட்டத்தில் நிறுத்தும் தடுப்பே அவர் உயிரைக் காத்தது.